ஆழ்கடலின் காவற் கதவு

இரவிலே வீட்டுக் கதவைத் தாழிட ஒரு கை போதும். எவரும் சென்று தொடவியலாத கடலடியில் ஒரு கதவை யார் மூடுவது? கடலடி எண்ணெய்க் கிணறுகளை அமைப்போர் விடைகாண வேண்டிய வினா இதுவாகும்.

நோர்வேக் கடலில் உள்ள கிறிஸ்டின் வயல் 2005ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே கடலின் ஆழம் ஏறக்குறைய 370 மீற்றர். வாயு உறையும் பாறைகளோ 4,600 மீற்றர் ஆழத்தில் உள்ளன. தொடக்கத்தில் அவற்றில் நிலவிய அமுக்கம், நாம் சுவாசிக்கும் காற்றின் அமுக்கத்தைப்போல் ஏறக்குறைய 900 மடங்காகும்.

அவ்வமுக்கத்தை முழுதும் தாங்கும் தடித்த குழாய்களை நெடுந்தூரம் பதித்தல் பெருஞ்செலவாகும். ஆகவே குழாய்வழியின் தொடக்கத்திலேயே ஒரு காவல் வைக்கப்படுகிறது. ஓர் அளவுகருவி பழுதுற்றுப் பொய் கூறலாம் அன்றோ? ஆதலால் இத்தகைய காவலில் பொதுவாக மூன்று கருவிகளை அமைத்து, அவற்றுள் இரண்டு ஒத்துக் கூறினால் ஆபத்தெனக் கொள்வர். உடனே வால்வுகள் மூடிக்கொள்ளும்.

இதன் நுட்பம் யாதெனின், வால்வைத் திறந்து வைப்பதற்கே ஆற்றல் வேண்டும், மூடுவதற்கு வேண்டியதில்லை. திரவ அமுக்கம் வலிய சுருள்வில் ஒன்றை நெருக்கி, வால்வைத் திறந்தபடி நிறுத்துகிறது. மின்சாரம் தடைப்பட்டால் அவ்வமுக்கம் நீங்கும்; வில் நிமிரும்; வழி அடைபடும்.

எல்லாக் காவலும் இவ்வாறு அமைவதில்லை. 2010 ஏப்ரல் 20ஆம் நாள், மெக்சிக்கோ வளைகுடாவில் மக்கொண்டோ என்னும் கிணற்றைத் தோண்டிய 'டீப்வாட்டர் ஹொரைசன்' மேடை தீப்பற்றியது. பதினொருவர் மாண்டனர். ஏறக்குறைய 1,500 மீற்றர் ஆழத்திலிருந்த அடைப்புக் கருவி கிணற்றை மூடத் தவறியது. அது சுருள்வில்லால் தானே மூடுவதன்று. சேமித்த திரவ அமுக்கமும், மின்கலத்தின் துணையும் அதற்கு வேண்டும். வலுவிழந்த மின்கலமும், தவறாக இணைத்த கம்பிகளும் அதில் இருந்தமையைப் பின்னர் நிகழ்ந்த விசாரணை வெளிப்படுத்தியது. கிணற்றுக் குழாய் வளைந்து விலகியதால், வெட்டும் அலகுகள் அதனை முற்றாக அடைக்கவும் இயலவில்லை. 87 நாட்கள் எண்ணெய் கடலிற் கலந்தது.

சுருள்வில்லும் நாளடைவில் தளரும், வால்வும் இறுகிப்போகும். ஆதலின் காலந்தோறும் வால்வை மூடிப் பார்த்தல் வேண்டும். அவ்வேளையில் உற்பத்தி நிற்கும், வருவாய் குறையும். அந்த இழப்பை மனமுவந்து ஏற்பவரே கடலில் உழைப்போரின் உயிரைக் காப்பவர் ஆவர்.