“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க”



“இனிமே செய்றதுக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.” முற்றிய புற்றுநோயோடு உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குத் திரும்புகிறவர்களில் பலர் இதைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். இதில் முதல் பாதி பொய். கட்டியைக் கரைக்க வழியில்லாமல் போயிருக்கலாம். வலிக்கும் புண்ணுக்கும் தூக்கமில்லாத ராத்திரிக்கும் செய்ய நிறைய இருக்கிறது. அதில் பெரும்பங்கு, இன்று பட்டம் பெறும் செவிலியர்களான உங்கள் கையில்.

அறிஞர் அண்ணா 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால்தான் மறைந்தார். அவர் பெயரில் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. கீமோவுக்கும் ரேடியேஷனுக்கும் அங்கே போகலாம், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் போகலாம். எழுந்து உட்கார முடியாதவரைக் கட்டு மாற்றுவதற்காக பஸ் ஏற்ற முடியுமா? அதனால்தான் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே தரும் ஆதரவுச் சிகிச்சையும் சேர்ந்தது.

அப்படி ஒரு நோயாளியின் வீட்டுக்குள் நீங்கள் போனதும் முதலில் வருவது வாடை. மார்பிலோ வாயிலோ புண் அழுகியிருக்கும். அதற்காகவே நோயாளி அம்மாவைத் திண்ணைக்கு மாற்றியிருப்பார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். புற்றுநோய் தொற்றாது என்று பாடம் நடத்தாதீர்கள், யார் காதிலும் ஏறாது. உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் புண்ணைக் கழுவுங்கள். டாக்டரிடம் கேட்டு, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுப் போடுங்கள். சில நாளில் வாடை அடங்கும். பேரப்பிள்ளை தானாக வந்து கட்டிலில் ஏறும். நீங்களும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தே காபி குடியுங்கள். பார்க்கிறவர்களுக்கு மிச்சம் புரிந்துவிடும்.

அடுத்தது கடும் வலிக்கான மார்ஃபின். “போதை மாத்திரையாமே, பழகிடுமாமே?” என்று மகன் தயங்குவார். அரசு உரிமத்தோடு அபினி விளைகிற நாடு இது. ஆனாலும் 1985-ன் போதைப்பொருள் சட்டம் வந்தபின் வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் கிடைப்பது குதிரைக்கொம்பானது. 2014 திருத்தம்தான் கெடுபிடியைத் தளர்த்தியது. வலிக்கென்று அளவறிந்து கொடுத்தால் அடிமையாவது அபூர்வம். டாக்டர் எழுதியபடி நாலு மணிக்கொரு தடவை, வலி வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். கூடவே மலமிளக்கி. அதை விட்டால் வயிறு கட்டிக்கொள்ளும், பழி மார்ஃபின் மேல் விழும், மாத்திரை பரணுக்குப் போய்விடும். படிக்கத் தெரியாத வீடென்றால் சீட்டில் சூரியனும் நிலாவும் வரைந்து வேளையைக் காட்டுங்கள்.

கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் கூட்டாளிகளோடு தொடங்கிய வலி தணிப்பு வேலை, அக்கம்பக்கத்தாரையே பழக்கி வீடுவீடாக அனுப்பும் இயக்கமாக வளர்ந்தது. ஊரே பொறுப்பெடுப்பது நமக்கும் புதிதில்லை. நம் உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது குடவோலைத் தேர்தல்தான். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர்க்காரர்களே பொறுப்பைப் பிரித்துக்கொண்டதும் அதே கல்லில்தான் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிசு. நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்களில் நாலு பேரைப் பழக்குங்கள். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க ஆள் இருக்கும்.

நோயாளி போய்ச் சேர்ந்தபிறகு, காரியம் முடிந்ததும் ஒருதடவை அந்த வீட்டுக்குப் போங்கள். மீதி மார்ஃபினைக் கணக்குப் பார்த்துத் திரும்ப வாங்குங்கள். பிறகு மருமகளை உட்காரவைத்து பி.பி. பாருங்கள்; மாமியாரைப் பார்த்துக்கொண்ட மாதங்களில் அவள் தன் மாத்திரையை நிறுத்தியிருப்பாள்.