பட்டு உத்தரீயம் பேணல்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



என் தந்தையார் தம் திருமணத்தன்று அணிந்த காஞ்சிபுரத்துச் சரிகை உத்தரீயம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அவர் மறைந்தபின், எவரும் தொடலாகாதென்று அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சென்ற ஆண்டு என் மூத்த மகளைத் தாரைவார்க்குங்கால் அணியக்கருதி எடுத்து விரித்தேன். மடித்த கோடுகள்தோறும் அது பிளந்து போயிற்று. கள்வர் கொண்டிலர், செல்லும் அரித்திலது, என் காவலே அதனைக் கெடுத்தது. வேறொன்றை அணிந்தே தாரைவார்த்தேன்.

பட்டுநூல், புழு தன் வாயினின்று நூற்கும் புரத இழையாகும். ஒரே கோட்டில் நெடுங்காலம் மடிந்து கிடப்பின், அவ்விழை அங்கே நொய்ந்து முறியும். பழைய சரிகையோ பட்டிழையின்மேல் தட்டையான வெள்ளிக்கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. அது மடிந்த இடத்தில் எளிதில் ஒடியும்.

ஆதலின் 3 மாதங்கட்கு ஒருமுறை உத்தரீயத்தை எடுத்து, நிழலிற் காற்றாட விட்டு, பழைய கோடுகளை விலக்கி வேறிடத்தில் மடித்தல் வேண்டும். மடிப்பினுள் மெல்லிய பருத்தித்துணிச் சுருளை வைப்பின் கோடு அழுந்தாது. கடும்வெயில் சாயத்தையும் நூலையும் ஒருங்கே கெடுக்கும். அணிந்ததை வியர்வை ஈரத்துடன் பெட்டியில் இடலாகாது. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளடைக்கும். வெளுத்துலர்த்திய பழைய வேட்டியே சிறந்த உறை. அந்துருண்டை சரிகையைத் தொடாதிருக்கட்டும்.

நும் இல்லங்களிலும் பெரியோர் அணிந்த பட்டுகள் பூட்டிக் கிடக்கலாம். நாளையே பெட்டியைத் திறந்து அவற்றின் மடிப்பை மாற்றுமாறு வேண்டி அமைகின்றேன்.