இரண்டு வைரஸ், இரண்டு வேகம்

கடல் தெரியும் மண்டபத்தில் தலைமை உரையை நீட்டுவது பாவம். கோவளத்துக்கு வந்தவர்களின் கண் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

எச்.ஐ.வி. என்று ஒற்றைப் பெயரில் நாம் சொல்வது இரண்டு வைரஸ்களை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான் இந்தியாவில் இந்தத் தொற்று முதன்முதலில் வெளிப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்க நோயாளிகளிடம் எச்.ஐ.வி.-2 கண்டறியப்பட்ட செய்தியைப் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். 1991-இல் அது மும்பையிலும் இருப்பது தெரிந்தது. 1993-இல் தென்னிந்தியாவிலும் இருக்கிறது என்று வேலூர்க்காரர்கள் எழுதினார்கள்.

எச்.ஐ.வி.-1 எப்படி முற்றுகிறது என்பதை நமக்குக் கற்றுத்தந்தது, இதே செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள தாம்பரம் சானடோரியம். காசநோய்க்கென்று 1928-இல் எழுந்த அந்த மருத்துவமனை, மற்ற இடங்களில் கதவடைத்த காலத்திலேயே, 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டது. அங்கே வந்தவர்களில் மிகப் பலர் காசநோயோடு வந்தவர்கள்.

எச்.ஐ.வி.-2 பற்றிய நல்ல கணக்கு நம்மிடம் இல்லை. கினி-பிசாவு நாட்டிடம் இருக்கிறது. அங்கே காவல்துறையினரை 1990 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பரிசோதித்தார்கள். தொற்றிலிருந்து எய்ட்ஸ் நிலைக்கு வர எச்.ஐ.வி.-1-க்கு இடைநிலை 6.2 ஆண்டு, எச்.ஐ.வி.-2-க்கு 14.3 ஆண்டு. 2018-இல் வந்த இந்த முடிவில் பலர் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள், மெல்ல முற்றுகிறது என்று. சிகிச்சை இல்லாவிட்டால் எச்.ஐ.வி.-2 உள்ளவர்களிலும் பெரும்பாலோர் நோயில் விழுகிறார்கள், சாகிறார்கள் என்பதுதான் அந்த ஆய்வின் கனமான பாதி. அதுவரை அதைச் சாதுவான வைரஸ் என்றே நாம் பாடம் நடத்திவந்தோம்.

அந்தக் காவலர்களுக்குத் தொற்று ஏற்பட்ட காலம் ஏறக்குறையத் தெரியும். நம் நோயாளிக்கு அது தெரியாது. இருமலோ எடைக்குறைவோ வந்தபிறகு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு வருகிறார். அந்தத் தேதியை நோயின் தொடக்கமாக வைத்து இரண்டு வகைகளையும் ஒப்பிட்டால், மெல்ல முற்றும் வகையின் நீண்ட அமைதிக்காலம் முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். இந்தப் பிழை உள்ள கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன்.

மருந்துக்கு வருவோம். 2004 ஏப்ரல் 1 அன்று இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியபோது தாம்பரமும் முதல் மையங்களில் ஒன்று. அன்றைய முதல் வரிசை மருந்துகளில் இருந்த நெவிரபினும் எஃபாவிரென்சும் எச்.ஐ.வி.-2-ஐ ஒன்றும் செய்யாது. வகை தெரியாமல் அவற்றைப் பெற்றவர் மூன்று மருந்து விழுங்கினார். வேலை செய்தது இரண்டுதான். இன்று டோலுடெக்ராவிர் இரண்டு வகைக்கும் பயன்படுகிறது. அதனால் வகை பார்ப்பது பழங்கதை என்கிறார்கள் இளைய மருத்துவர்கள். எனக்கு உடன்பாடில்லை. வழக்கமான வைரல் லோடு பரிசோதனை எச்.ஐ.வி.-1-ஐ மட்டுமே எண்ணும். எச்.ஐ.வி.-2 உள்ளவரின் சீட்டில் ‘வைரஸ் தென்படவில்லை’ என்று வரும். மருந்து தோற்றுக்கொண்டிருக்கும்போதும் அப்படியே வரும். சிடி4 எண்ணிக்கையை மட்டும் நம்பி நிற்க வேண்டிய நிலை அது.

இரண்டும் சேர்ந்த தொற்று இன்னும் சிக்கலானது. கினி-பிசாவில் இரண்டும் உள்ளவர்களுக்கு எய்ட்ஸ் வர 104 மாதம், எச்.ஐ.வி.-1 மட்டும் உள்ளவர்களுக்கு 68 மாதம் என்று 2012-இல் எழுதினார்கள். இங்கேயும் அப்படியா என்று கேட்க ஆசைதான். ஆனால் விரைவுச் சோதனையில் இரண்டு கோடும் தெரிந்தால் இரண்டு வைரஸும் இருக்கிறதென்று பொருளல்ல. ஒன்றின் எதிர்ப்புப் புரதம் மற்றதன் கோட்டையும் காட்டிவிடலாம்.

ஆகவே கட்டுரை வாசிக்க இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் முதல் அட்டவணையைக் காட்டும்போதே, நோயாளிகளின் வகையை எந்தச் சோதனையால் உறுதி செய்தீர்கள், எந்தத் தேதியிலிருந்து ஆண்டுகளை எண்ணினீர்கள் என்ற இரண்டையும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நான் குறுக்கிட்டுக் கேட்பேன். தலைவருக்கு அந்த உரிமை உண்டு. முதல் அமர்வைத் தொடங்கலாம்.