புருவ நெரிப்பும் ஊசிமருந்தும்

சினமும் சிந்தனையும் நெற்றியில் எழுதும் எழுத்துகளே, புருவங்களின் நடுவே தோன்றும் நெடுங்கோடுகள். வகுப்பறையில் பல்லாண்டு புருவம் நெரித்த எனக்கும் அவை உண்டு. அவற்றைத் தளர்த்தும் ஊசிமருந்தின் வரலாறு வியப்புக்குரியது.

சரிவரப் பதனிடாத உணவில் நுண்ணுயிர் ஒன்று உண்டாக்கும் கொடிய நஞ்சே அம்மருந்தின் மூலம். பொட்டுலினம் நஞ்சு என்பர். நரம்பு தசைக்கு விடுக்கும் கட்டளையை அது தடுத்துவிடும். அதனை மிகச் சிறிய அளவில் செலுத்தி மாறுகண்ணைச் சீராக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் ஆலன் ஸ்காட் 1980இல் அறிவித்தார். 1987இல், கனடாவின் வான்கூவர் நகரில், இமைத் துடிப்புக்காக இவ்வூசி பெற்றுவந்த பெண்மணி ஒருவர், புருவ நடுவில் போட்டால் முகமே தெளிவுறுவதாகத் தம் கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸிடம் கூறினார். அதுவே தொடக்கம். 2002இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இப்பயனுக்கு ஒப்புதல் அளித்தது.

பயன் மூன்று, நான்கு திங்களே நிற்கும். இடம் தவறினால் இமை சரியும். நஞ்சு பரவின் விழுங்குதலும் மூச்சும் இடர்ப்படும். ஆதலால் தேர்ந்த மருத்துவரையன்றிப் பிறரை நாடற்க.

ஊசி கோட்டைத் தளர்த்தும். ஆனால், என் புருவம் கண்டஞ்சி அன்று ஒரு மாணவன் கேளாது விட்ட ஐயத்தை அது மீட்டுத் தாராது.