கம்பளமும் கழுவும் இயந்திரமும்

பாய் விரித்துப் பழகிய நமக்குக் கம்பளத்தின் அருமையைத் தில்லிக் குளிர் கற்பித்தது. அதனைக் கழுவும் இயந்திரமும் இன்று வீட்டிற்கே வந்துவிட்டது. சவர்க்கார நீரைத் தெளித்து, அழுக்கோடு அந்நீரை அது மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. 1901-ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் பூத் வகுத்த உறிஞ்சும் முறையே இதற்கு அடிப்படை.

ஆயினும், காசுமீரத்திலும் பதோகியிலும் கையால் முடிச்சிட்ட கம்பளத்திற்கு ஈரமே பகையாகலாம். முதலில் உலர்ந்த தூசியை நீக்குக. இல்லையேல் அது சேறாகும். ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொரு வண்ணத்தையும் ஒற்றிப் பார்க்க. துணியில் சாயம் ஏறினால் இயந்திரத்தைத் தொடவேண்டா. வெந்நீரில் கம்பளி சுருங்கும், தண்ணீரே ஏற்றது. ஒருமுறை தெளித்தால் இருமுறை உறிஞ்சுக. ஈரம் தங்கினால் அடிப்புறத்துப் பருத்தி நூல் இற்றுப்போகும். ஆதலால் மழைக்காலத்தைத் தவிர்த்து, காற்றோட்டமான நிழலில் இருபுறமும் உலர்த்திய பின்னரே விரிக்க. தலைமுறைகள் வாழும் பொருளை ஒருநாள் அவசரத்தால் இழக்கலாமா?