தொத்து வியாதியும் தொழிலாளி குடியிருப்பும்

(மீஞ்சூரில் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நாம் வியாதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கூலி, போனஸ், வேலை நிரந்தரம் என்று பேசுகிற இடத்தில் இருமலுக்கும் பேதிக்கும் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஒரு தொழிலாளி ஆறு மாதம் படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்தில் என்ன நடக்கிறது? நகை அடகுக்குப் போகிறது, பிள்ளையின் படிப்பு நிற்கிறது, வட்டிக்காரன் வாசலில் வந்து உட்காருகிறான். இது கூலிப் பிரச்னை இல்லையென்றால் வேறு எது கூலிப் பிரச்னை?

தொத்து வியாதி என்பது சாமி குத்தமும் அல்ல, கெட்ட காற்றும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமி ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போகிறது, அவ்வளவுதான். போவதற்கு அதற்கு வழி வேண்டும். நம் பக்கத்தில் முக்கியமான வழிகள் மூன்று: வாய் வழியாகத் தண்ணீரும் சோறும், கொசுக்கடி, மூச்சுக் காற்று. வேறு வழிகளும் உண்டு. அவற்றை இன்னொரு நாள் பேசுவோம். எந்த வியாதி எந்த வழியில் வருகிறது என்று தெரிந்துவிட்டால் வீண் பயத்தில் முக்கால் பங்கு ஓடிவிடும்.

முதலில் தண்ணீர். 1854-ல் லண்டனில் காலரா கொள்ளை கொண்டு போனது. துர்நாற்றத்தால் வருகிறது என்றார்கள் பெரிய டாக்டர்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் மட்டும் வீடு வீடாகப் போய்ச் செத்தவர்கள் எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள் என்று விசாரித்தார். பிராட் தெரு அடிகுழாய் என்று தெரிந்தது. அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். கிருமி எது என்று அவருக்கே தெரியாது. வழி தெரிந்தது, அது போதுமாக இருந்தது. பிறகு 1884-ல் ராபர்ட் காக் கல்கத்தாவில் கிருமியைப் பிரித்துக் காட்டினார். அந்தக் கிருமி கக்கும் விஷம்தான் குடலிலிருந்து தண்ணீரைக் கறந்துவிடுகிறது என்று 1959-ல் நிரூபித்தவர் அதே கல்கத்தாவின் சம்புநாத் தே. அவருக்கு உரிய மரியாதையை அவர் உயிரோடு இருந்தபோது நாம் தரவில்லை என்பது நம்முடைய வெட்கம்.

காலரா பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 1992-ல் ஓ139 என்ற புதிய காலரா இனம் தலைகாட்டிய முதல் இடங்களில் சென்னையும் ஒன்று. டைபாய்டும் மஞ்சள் காமாலையும் அதே தண்ணீர் வழியில்தான் வருகின்றன. சாக்கடைக்குள் ஓடுகிற ஓட்டைக் குழாய் ஒன்று போதும். குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் அது சாக்கடையை உள்ளே இழுக்கும்; தண்ணீர் திறந்ததும் வீட்டுக் குடத்தில் கொண்டுவந்து கொட்டும்.

மீஞ்சூர் வட்டாரத்து நல்ல தண்ணீருக்கு என்ன ஆயிற்று என்று இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். சென்னை நகரத்துக்காகவும் மணலி ஆலைகளுக்காகவும் பல ஆண்டுகள் இந்த மண்ணின் அடியிலிருந்து நீரை உறிஞ்சினார்கள். நல்ல தண்ணீர் கீழே இறங்கியது, கடல் தண்ணீர் உள்ளே ஏறியது, கிணறுகள் கரித்தன. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை வந்தது, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். மீஞ்சூர் ஆலை என்று நம் ஊர்ப் பெயரைத்தான் வைத்தார்கள். அது கட்டப்பட்டதோ சென்னை நகரத்தின் தாகத்துக்கு. கிணறு கரிக்கிற வீட்டுக்காரன் காசு கொடுத்துக் கேன் தண்ணீர் வாங்குகிறான். கேனுக்குக் காசில்லாதவன் கிடைத்ததைக் குடிக்கிறான்.

ஆகவே தண்ணீரை நன்றாகக் கொதிக்க விட்டுக் குடியுங்கள். மலம் கழித்த பின்பும் சோறு பிசையும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பேதி கண்டால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். பேதியில் ஆளைக் கொல்வது உடம்பில் தண்ணீர் வற்றுவதுதான். 1971-ல் வங்காள அகதி முகாமில் காலரா பரவியபோது, ஊசி வழியாக ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய் வழியாகக் கொடுத்தே ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்க வைத்தார். சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதை ஒவ்வொரு தாயும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

கொசுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். டெங்கு கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நல்ல தண்ணீரில் இடும், பகலில் கடிக்கும். தினமும் குழாயில் தண்ணீர் வருகிற வீட்டில் டிரம் எதற்கு? வாரத்துக்கு ஒருநாள் லாரித் தண்ணீர் வருகிற தெருவில்தான் டிரம்மும் அண்டாவும் தொட்டியும் வரிசையாக நிற்கும். டிரம்மை மூடாத குற்றத்துக்கு அபராதம் போட வருகிற அதிகாரி, டிரம் ஏன் வந்தது என்று கேட்பதில்லை. இருந்தாலும் கொசு நம்மைத்தான் கடிக்கிறது. வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் கவிழ்த்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும்.

இனி நாம் முக்கியமாகப் பேச வந்த விஷயம், மூச்சுக் காற்றில் வருகிற காசநோய். பழைய பேர் க்ஷயம்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வார்ப்பாலை ஒன்றில் வேலை செய்த ஒரு சகோதரர், மூன்று மாதம் இருமிக்கொண்டே வேலைக்குப் போனார். மெடிக்கல் ஷாப்பில் டானிக் வாங்கிக் குடித்தார். ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்டோம். "போனா காசம்னு சொல்லிடுவாங்கண்ணே. சொன்னா காண்டிராக்டர் நாளைக்கு வராதேம்பான். வீட்டுக்காரன் ரூமைக் காலி பண்ணும்பான்" என்றார். ஒரே அறையில் எட்டுப் பேர், ஒரே ஜன்னல், அதையும் கொசுவுக்காக அடைத்திருந்தார்கள். அவர் பரிசோதனைக்குப் போனபோது பக்கத்துப் பாயில் படுத்தவருக்கும் இருமல் வந்துவிட்டிருந்தது. இந்த இரண்டாவது மனிதரின் வியாதிக்கு யார் பொறுப்பு? கிருமி மட்டுமா?

கிருமியின் கதையைக் கேளுங்கள். 1882 மார்ச் 24-ல் பெர்லினில் ராபர்ட் காக் அதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் நுண்ணிய துளிகளில் அது வெளியே வருகிறது. அடைத்த அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். ஜன்னலைத் திறந்தால் கலைந்து போகும். வெயில் பட்டால் சாகும். உள்ளே போன எல்லோருக்கும் வியாதி வராது. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது வரும். மற்றவர்களின் உடம்பு அதைப் பூட்டி வைத்துவிடும். பூட்டை உடைப்பது எது? பசி, சர்க்கரை வியாதி, எச்.ஐ.வி., குடி, புகை. வார்ப்பாலை மணலிலும் கல் உடைக்கும் இடத்திலும் பறக்கிற சிலிக்காத் தூசியையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். அந்தத் தூசியால் நுரையீரல் புண்பட்டவனுக்குக் காசநோய் வரும் அபாயம் பல மடங்கு.

இந்த நோயைப் பற்றி உலகத்துக்குப் பாடம் சொன்ன இடம் நம் சென்னை. 1956-ல் சென்னை சர்க்காரும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கின. அதுவரை க்ஷயம் என்றால் சானடோரியம் என்றுதான் வைத்தியம். தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கே அந்தப் பேர் இருக்கிறது. படுக்கைகளோ கொஞ்சம், நோயாளிகளோ ஏராளம். ஏழைகள் என்ன செய்வார்கள்? நகரத்து ஏழை நோயாளிகள் ஏறக்குறைய இருநூறு பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்ததுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியம், மறு பாதிக்குத் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே சிகிச்சை. இருவருக்கும் ஒரே மருந்து, ஓர் ஆண்டு. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள். அவர்கள் சாப்பாடு மட்டம், ஓய்வு குறைவு, அப்படியிருந்தும் குணமானார்கள். இன்னும் முக்கியம், வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்ததால் கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொத்தவில்லை. ஏனென்றால் சரியான மருந்து ஆரம்பித்ததும் கிருமி வெளியே வருவது மளமளவென்று குறைந்துவிடுகிறது. தொத்துவது பெரும்பாலும் மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால்.

இதன் அர்த்தத்தை நம் நிலைமையில் வைத்துப் பாருங்கள். மருந்து சாப்பிடுகிறவனைத் துரத்துவதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. துரத்துவார்கள் என்று பயந்து ஒளிந்திருக்கிறவனிடமிருந்துதான் மற்றவனுக்கு வருகிறது. வேலையை விட்டு நிறுத்துகிற காண்டிராக்டர் வியாதியைத் தடுப்பதாக நினைக்கிறார். உண்மையில் அவர் அடுத்த பத்துப் பேரின் வாயை அடைக்கிறார்.

ஆனால் அந்த ஆராய்ச்சியிலிருந்து ஆட்சியில் இருந்தவர்கள் தங்களுக்கு வசதியான ஒரு பாடத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மாத்திரை இருந்தால் போதும், சோறும் வீடும் பிறகு பார்க்கலாம் என்பது அந்தப் பாடம். வந்த நோயைக் குணப்படுத்த மாத்திரை போதும் என்பது சரி. நோய் வராமல் இருக்க? இங்கிலாந்தில் காசநோய்ச் சாவு மருந்து வருவதற்கு முன்பே பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டு வந்தது. தடுப்பூசியாவது காக்குமா என்று பார்க்க, 1968-ல் பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், நம் திருவள்ளூர் வட்டாரத்தில்தான், இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து பி.சி.ஜி. சோதனை நடத்தினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய காசத்தை அது தடுக்கிறது, ஆகவே குழந்தைக்குக் கட்டாயம் போடுங்கள். பெரியவனைக் காப்பது எது?

2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி பதில் சொல்கிறது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டில் இருந்த பத்தாயிரம் பேருக்கு மேல் கவனித்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொத்தும் வகை 48 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும், தோழர்களே! எந்த மருந்துக் கம்பெனியும் இதை விற்க முடியாது.

1999-லிருந்து திருவள்ளூர் வட்டாரத்தில் மருந்தைக் கண்காணித்துக் கொடுக்கும் முறை வந்தபோது ஐந்தாறு ஆண்டுகளில் நோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அடுத்த கணக்கெடுப்பில் சற்று ஏறியும் இருந்தது. மருந்து அவசியம், மருந்து மட்டும் போதாது என்பதற்கு நம் ஜில்லாவே சாட்சி.

இப்போது நடைமுறை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், ராத்திரி வியர்வை, சளியில் ரத்தம் — இதில் எது இருந்தாலும் சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். மருந்தும் இலவசம், சாதாரண வகைக்கு ஆறு மாதம். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும்; அங்கேதான் பலர் மருந்தை நிறுத்துகிறார்கள். அப்படி நிறுத்தினால் கிருமி அந்த மருந்துக்கு மசியாததாக மாறிக் கிளம்பும். வீட்டில் உள்ள மற்றவர்களும் சோதித்துக்கொண்டு, தேவைப்பட்டால் தடுப்பு மருந்து சாப்பிட வேண்டும். சத்துணவுக்காக மத்திய சர்க்கார் 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். வங்கிக் கணக்குக்கு வரும், கேட்டு வாங்குங்கள். இ.எஸ்.ஐ.-யில் பதிவான தொழிலாளிக்குக் காசநோய்க்கென்று நீடித்த நோய்க்கால உதவி உண்டு. ஆனால் அதற்குத் தொடர்ந்து இரண்டு ஆண்டு வேலையும் சந்தாவும் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காண்டிராக்டர் பேரை மாற்றிக் கணக்கைக் கலைக்கிற இடத்தில் இது எப்படிக் கிடைக்கும்? உங்கள் பெயரில் சந்தா கட்டப்படுகிறதா என்று இன்றே பாருங்கள். வியாதி வந்த பிறகு பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள்தான் வியாதியைக் கொண்டு வந்தார்கள் என்று டீக்கடையில் பேசுகிறோம். அவர்களை ஒரு அறையில் பத்துப் பேராக அடைத்தது யார்? ஷிப்டு மாற்றி ஒரே பாயில் இருவர் படுக்கிற நிலைமை அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்ததா? அந்த அறைக் காற்றுக்கும் நம் அறைக் காற்றுக்கும் நடுவில் வேலி கிடையாது. அவர்கள் பாஷை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களிடம் இதே விஷயத்தைச் சொல்லுவோம்.

நமக்கு ஒரு சகோதரி துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார்: காசநோய் வந்த மாமியாருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கலாமா என்று. வேண்டியதில்லை அம்மா. தட்டாலும் டம்ளராலும் துணியாலும் அது வராது. முதல் சில வாரங்கள் அவர் இருமும்போது வாயைத் துணியால் மூடிக்கொள்ளட்டும், காற்றோட்டமுள்ள இடத்தில் படுக்கட்டும், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள். மருந்தைத் தினமும் உங்கள் கண் முன்னால் விழுங்கச் சொல்லுங்கள். பிறகு எல்லோரும் சேர்ந்தே சாப்பிடுங்கள். முட்டை ஒன்று இருந்தால் அதை அவர் தட்டில் வையுங்கள்.