கதவை நம் பக்கத்திலிருந்து அடைக்க வேண்டாம்

(மும்பை தாராவியில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘மதமும் தொழிலாளி வர்க்கக் கட்சியும்’ என்பது இன்றைய வகுப்பின் தலைப்பு. மார்க்சில் தொடங்கி வரிசையாகச் சொல்லி வருவதே வழக்கம். நான் ஒரு கேள்வியிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

சென்ற மாதம் கிளைக் கூட்டம் முடிந்ததும் இளம் பெண் தோழர் ஒருவர் என்னிடம் தனியே பேசினார். மிகவும் கண்டிப்பான ஒரு ஜெப சபையில் பிறந்து வளர்ந்தவர் அவர். ஈராண்டுகளுக்கு முன் அதிலிருந்து வெளியேறியவர். அவருடைய அக்காவுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. “சபையார் முன்னால் எழுந்து நின்று, நான் வழிதவறிப் போனேன், இப்போது மனந்திரும்பிவிட்டேன் என்று சாட்சி சொன்னால்தான் கல்யாணத்துக்கு வரலாம் என்கிறார்கள், தோழர். அம்மா அழுகிறார். நான் என்ன செய்வது?” என்று கேட்டார்.

அன்று என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. அந்தப் பதிலைத் தேடும் முயற்சியே இந்த உரை. அவருடைய ஒப்புதலைப் பெற்றே இதை இங்கே சொல்கிறேன். இதே நிலையில் உள்ளவர்கள் இந்த அறையில் இன்னும் சிலர் உண்டு என்பதை அறிவேன்.

என் வீட்டில் நடந்தது

நானும் அப்படிப்பட்ட ஒரு குழுவிலிருந்து வந்தவன்தான். என் தந்தை திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய் வந்து பஞ்சாலையில் வேலை பார்த்தவர். 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்ட சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்களில் அவரும் ஒருவர். அந்த வேலைநிறுத்தம் எப்படி முடிந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆலை வாசல் அவருக்கு மீண்டும் திறக்கவே இல்லை.

வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் அவை. அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு அரிசியோடு வந்தவர்கள் ஒரு சிறு ஜெபக் குழுவினர். குடிக்கத் தொடங்கியிருந்த தந்தையின் பக்கத்தில் அமர்ந்து இரவெல்லாம் பேசியவர்களும் அவர்களே. தந்தை குடியை விட்டார். அம்மா காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றி வைத்தார். சினிமா இல்லை, ஊர்த் திருவிழா இல்லை, சபைக்கு வெளியே சம்பந்தம் இல்லை. பன்னிரண்டு வயதில் நானும் ஞானஸ்நானம் பெற்றேன்.

1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதை அடுத்து பம்பாயில் மூண்ட வன்முறை தாராவியையும் தாக்கியது. எங்கள் சந்தில் அஞ்சி ஒளிந்திருந்த முஸ்லிம் குடும்பங்களுக்குப் பாலும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்த இளைஞர்களோடு நானும் சேர்ந்தேன். அவர்கள் நம் தோழர்கள். “உலகத்தாரின் சண்டையில் உனக்கு என்ன வேலை? சபையா, அவர்களா?” என்று மூப்பர் கேட்டார். நான் வெளியேறினேன். அதன்பின், என்னோடு அமர்ந்து உண்ணக் கூடாது என்று என் வீட்டாருக்குக் கட்டளை வந்தது.

இதுவரை நான் செய்தது சரி. அடுத்து நான் செய்தது சரியன்று. ஐந்து ஆண்டுகள் கழித்துத் தந்தை இறந்தார். அடக்க ஆராதனையைச் சபை நடத்தியது. எவரும் என்னைத் தடுக்கவில்லை. ஆயினும் நான் கல்லறைத் தோட்டத்தின் உள்ளே போகவில்லை; ஜெபம் முடியும்வரை வாசலுக்கு வெளியே கைகட்டி நின்றேன். அதைக் கொள்கை உறுதி என்று அப்போது நினைத்தேன். அம்மா குழிக்கு அருகே தள்ளாடியபோது தாங்கிக்கொண்டவர் அந்த மூப்பர்தான். அங்கே நான் நின்றிருக்க வேண்டும். அதற்குப் பெயர் உறுதியன்று தோழர்களே, வீம்பு.

விலக்கலின் ஆட்சி

இதை ஒரு வீட்டின் சொந்தத் துயரமாக மட்டும் பார்க்கக் கூடாது. கண்டிப்பான குழுக்களின் அதிகாரம் குடும்பத்தின் வழியாகவே இயங்குகிறது. இதற்கு நம் நகரிலேயே தெளிவான சான்று உண்டு: தாவூதி போரா சமூகத்தின் சீர்திருத்தப் போராட்டம்.

ஷியா இஸ்லாத்தின் இஸ்மாயிலி மரபைச் சேர்ந்த இச்சமூகத்தில், தலைமை குருவான சையத்னாவுக்கு ஒவ்வொருவரும் விசுவாசப் பிரமாணம் செய்து கொடுக்கின்றனர். திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் குருபீடத்தின் இசைவு வேண்டும். எதிர்த்துக் கேட்பவர் விலக்கப்படுவார். விலக்கப்பட்டவரோடு உறவு வைப்பவரும் விலக்கப்படுவார் என்ற அச்சமே இதன் உண்மையான பலம். தண்டனையைத் தாயின் கையாலும் தம்பியின் கையாலும் நிறைவேற்றச் செய்யும் ஏற்பாடு இது.

1949 இல் பம்பாய் மாகாண அரசு இத்தகைய மதவிலக்கலைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 1962 இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், மத சுதந்திரத்தைக் காரணம் காட்டி அச்சட்டத்தை ரத்து செய்தனர். தலைமை நீதிபதி சின்ஹா ஒருவரே மாறுபட்டார். 1970களில் உதய்பூரில் சீர்திருத்தவாதிகள் கிளர்ந்தெழுந்தபோது விலக்கல் மீண்டும் ஆயுதமானது. ஒரே வீட்டுக்குள் இரு கட்சிகள் உண்டாயின. ஜெயப்பிரகாஷ் நாராயண் நிறுவிய ஓர் அமைப்பின் சார்பில் விசாரணை நடத்திய நத்வானி குழு 1979 இல் அளித்த அறிக்கை, குடும்பங்கள் பிளக்கப்பட்ட கொடுமையைப் பதிவு செய்தது.

சாதிப் பஞ்சாயத்துகளின் விலக்கலுக்கு எதிராக மகாராஷ்டிராவில் நரேந்திர தபோல்கரின் அமைப்பு நெடுங்காலம் போராடியது. அவர் 2013 ஆகஸ்ட் 20 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். சமூக விலக்கலைக் குற்றமாக்கும் மாநிலச் சட்டம் 2016 இல் நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் அதில் உண்டு. போரா வழக்கோ 2023 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

இந்தச் சட்டத்தை நாம் அறிந்திருக்க வேண்டும். தேவைப்படும்போது பயன்படுத்தவும் வேண்டும். ஆனால் சட்டத்தால் மூப்பரைத் தடுக்க முடியும். அம்மாவோடு ஒரே பாயில் அமர்ந்து உண்ண வைக்க முடியாது. அந்த வேலை நம்முடையது.

நாம் செய்யும் தவறு

மதத்தைப் பற்றி மார்க்ஸ் எழுதியதில் ‘அபினி’ என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். அதற்கு முன்பாகவே, மதம் ஒடுக்கப்பட்டோரின் துயரத்தின் வெளிப்பாடு என்று அவர் சொன்னதை விட்டுவிடுகிறோம். என் தாய் சபைக்குப் போனது அறியாமையால் அன்று. ஆலை மூடியபோது அரிசி கொண்டுவந்தவர்கள் யார் என்பதை அவர் கண்ணால் கண்டிருந்தார். அந்த வாரங்களில் நம் சங்கம் ஏன் அந்தச் சந்துக்கு வரவில்லை என்ற கேள்வியை நாம் நம்மிடம் கேட்டுக்கொண்ட பிறகே அவருடைய நம்பிக்கையைப் பற்றிப் பேசலாம்.

லெனின் 1909 இல் எழுதிய கட்டுரையில் ஒரு வேலைநிறுத்தத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். போராட்டம் நடக்கும்போது, தொழிலாளர்களை நாத்திகர் என்றும் கிறிஸ்தவர் என்றும் பிரித்துவைக்கும் பிரச்சாரம் முதலாளிக்கும் பாதிரியாருக்குமே பயன்படும் என்று விளக்குகிறார். பொருள்முதல்வாதத்தை அவர் கைவிடவில்லை. எதை, எங்கே, எப்போது பேசுவது என்பதைப் போராட்டத்தின் தேவைக்கு உட்படுத்தினார். வர்க்கத்துக்குப் பொருந்தும் இந்தப் பாடம் வீட்டுக்கும் பொருந்தும்.

கொள்கையை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பகத்சிங் 1930 இல் லாகூர் சிறையில் எழுதிய ‘நான் நாத்திகன் ஏன்?’ என்ற கட்டுரை, அவருடைய நாத்திகத்துக்கு அகந்தையே காரணம் என்ற குற்றச்சாட்டுக்கான மறுமொழி. வெளியேறும் ஒவ்வொருவர் மீதும் வீட்டில் வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டும் அதுதான்: “உனக்குத் திமிர்.” பகத்சிங் தம் கருத்தை ஓர் அங்குலமும் தளர்த்தவில்லை. ஆனால் தம்மைக் கடவுள் பக்தராக வளர்த்த தாத்தாவையோ தந்தையையோ அதில் இழிவுபடுத்தவும் இல்லை. கருத்தில் உறுதியும் மனிதரிடம் மரியாதையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அம்மா கண்டுபிடித்த வழி

தந்தை இறந்த பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நான் வீட்டுக்குப் போகவில்லை. பிறகு தங்கையின் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் வேலைக்காகப் போனேன். அடுத்து ரேஷன் அட்டை. அதன்பின் அம்மாவின் சர்க்கரை நோய்க்காக மாநகராட்சி மருத்துவமனை வரிசை. வாதம் எதுவும் செய்யவில்லை, வேலைகளைச் செய்தேன்.

ஒவ்வொரு முறையும் அம்மா எனக்குச் சோறு போட்டார். ஆனால் அவர் சாப்பிடவில்லை. “இன்னைக்கு எனக்கு உபவாசம்யா, நீ சாப்பிடு” என்பார். வாரத்தில் எந்த நாளில் போனாலும் அன்று உபவாசம். சில மாதங்கள் கழித்தே எனக்கு உறைத்தது. என்னோடு அமர்ந்து உண்ணக் கூடாது என்பது சபையின் கட்டளை. அதை அவர் மீறவில்லை. மகனைப் பட்டினியாக அனுப்பவும் இல்லை.

தோழர்களே, விசுவாசிகள் எல்லோரும் மூப்பரின் மறு உருவங்கள் அல்லர். கட்டளைக்கும் பாசத்துக்கும் இடையே தங்களால் இயன்ற ஒரு சந்தை அவர்களே திறந்து வைத்திருப்பார்கள். அதைக் கண்டுகொள்ளும் பொறுமை நமக்கு வேண்டும். நான் கதவை அடைத்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்டுகளும் அம்மா யாருக்காக உபவாசம் இருந்தாரோ, தெரியவில்லை.

இன்றும் அவர் மாறவில்லை. நான் கிளம்பும்போது தலையில் கை வைத்து ஜெபிக்கிறார். நான் கண்ணை மூடுவதில்லை, ‘ஆமென்’ சொல்வதுமில்லை. தலையைக் குனிந்து நிற்கிறேன். அவருக்கும் அது தெரியும். இதுவே எங்களுக்குள் உள்ள உடன்பாடு.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறுபான்மைச் சமூகத்தின் கண்டிப்பான குழுவிலிருந்து வெளியேறியவரின் கசப்பைக் கைப்பற்றக் காத்திருப்பவர்கள் உண்டு. ஜெபக்கூடங்கள் தாக்கப்படும் காலம் இது. ‘மதமாற்றத் தடை’ என்ற பெயரில் பல மாநிலங்களில் சட்டங்கள் வந்துள்ளன. நம் காயத்தைச் சங் பரிவாரத்தின் மேடையில் சாட்சியாக வைப்பது, ஒரு மூப்பரிடமிருந்து தப்பி இன்னொரு மூப்பரிடம் சிக்குவதாகும்.

போரா சீர்திருத்த இயக்கத்தின் முன்னணியில் நின்ற அஸ்கர் அலி எஞ்சினியர், தம் சமூகத்தின் குருபீடத்தை வாழ்நாள் முழுதும் எதிர்த்தார். அதே உறுதியோடு முஸ்லிம்களுக்கு எதிரான வகுப்புக் கலவரங்களை ஆராய்ந்து அம்பலப்படுத்தினார். அவர் ஓர் இறை நம்பிக்கையாளர். நம் பார்வை வேறு. ஆயினும் இந்த இரு பணிகளையும் ஒன்றாகச் செய்ய முடியும் என்று காட்டியவர் அவர். நாளை என் அம்மாவின் ஜெபக்கூடத்தை உடைக்க ஒரு கும்பல் வந்தால், அதன் வாசலில் முதலில் நிற்க வேண்டியவன் நான்.

அந்தத் தோழருக்கு

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

பொய்ச் சாட்சி சொல்ல வேண்டாம். அது உங்களையும் ஏமாற்றும், உங்கள் அம்மாவையும் ஏமாற்றும். அடுத்த கோரிக்கை அதைவிடப் பெரிதாக வரும். ஆனால் ‘சாட்சி சொல்ல மாட்டேன்’ என்பதைச் சபையாரிடம் சொல்லுங்கள். ‘நான் வருவேன்’ என்பதை அக்காவிடம் சொல்லுங்கள். திருமணத்துக்கு முந்தைய நாட்களிலேயே வீட்டுக்குப் போங்கள். பாத்திரம் தேய்க்க, பந்திக்குக் காய் நறுக்க, அக்காவின் புடவையை மடித்து வைக்க எந்த மூப்பரின் அனுமதியும் தேவையில்லை. திருமண நாளில் அனுமதித்தால் உள்ளே போய், ஜெப நேரத்தில் அமைதியாக அமர்ந்திருங்கள். தடுத்தால் சண்டையிடாதீர்கள், அக்கா வெளியே வரும்போது அவர் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள். நான் ஒருகாலத்தில் நின்றது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டாம். மிரட்டலோ அடியோ வந்தால் அது குடும்ப விஷயம் அன்று. உடனே கிளைக்குத் தெரிவியுங்கள்.

கட்சிக்கும் ஒரு கடமை உண்டு. வெளியேறுபவர் ஒரு நம்பிக்கையை மட்டும் இழப்பதில்லை. தங்கும் இடம், வேலை, வரன், நோயில் பார்த்துக்கொள்ளும் ஆள் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழக்கிறார். பெண்களுக்கு இந்த இழப்பு இரட்டிப்பு. அவருக்கு நாம் துண்டுப் பிரசுரத்தை மட்டும் கொடுத்தால் போதாது. அன்று இரவு படுக்க ஓர் இடம் கொடுக்க வேண்டும். அவருடைய தாயைப் பற்றிக் கிண்டலாக ஒரு சொல்லும் நம் வாயிலிருந்து வரக் கூடாது. கருத்து மாறுபட்டவரோடு பேசக் கூடாது என்ற பழக்கம் நம் கிளைகளுக்குள்ளும் எட்டிப் பார்ப்பதுண்டு. அதையும் நாம் களைய வேண்டும்.

மூப்பர்களுக்குத் தேவை அடைபட்ட கதவு. ‘வெளியே போனவன் நம்மை வெறுக்கிறான்’ என்று காட்டுவதற்கு அது அவர்களுக்கு வேண்டும். அந்தக் கதவை நம் பக்கத்திலிருந்து நாமே அடைத்து அவர்களுக்கு உதவ வேண்டாம்.

திருமணத்துக்கு இன்னும் பதினோரு நாட்கள் இருக்கின்றன. அன்று அந்தத் தோழரோடு மண்டபம்வரை போய்வர நம் கிளையிலிருந்து இருவர் வேண்டும். வகுப்பு முடிந்ததும் பெயர் கொடுங்கள்.